என்ஜின் தேறிவிட்டது; எந்தப் பரீட்சையில்?

ஒரு புதிய பாகமோ புதிய எரிபொருளோ சந்தைக்கு வருகிறபோது எழும் சந்தேகங்களை எல்லாம் “சோதித்துப் பார்த்தாகிவிட்டது” என்ற ஒரே பதில் அடக்கிவிடுகிறது. என்ன சோதித்தார்கள், எத்தனை நாள், எந்த வெப்பத்தில், யார் செலவில் என்று அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. இந்தக் கேள்விகளைக் கேட்டதால் விளைந்த நன்மைக்கும் கேட்காமல் விட்டதால் விளைந்த கேட்டுக்கும், இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட இருபது ஆண்டுகளின் கார் என்ஜின் வரலாறு தெளிவான சாட்சி. 1919இல் கார் என்ஜின் என்பது அடிக்கடி பிரித்துக் கரி சுரண்ட வேண்டிய, வால்வு கருகுகிற, சிலிண்டரின் உட்துளையான ‘போர்’ தேய்கிற முரட்டு இயந்திரம். 1939இல் அது சாதாரணக் குடும்பங்கள் நம்பி ஏறுகிற பொருளாகிவிட்டது. இந்த மாற்றத்துக்கான புகழ் பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர்களுக்கும் பந்தயக்காரர்களுக்கும் போகிறது. சோதனை மேடையில் எந்தக் கேள்வியை வைப்பது என்று முடிவு செய்தவர்களுக்குத்தான் அந்தக் காலத்தின் நன்மையிலும் தீமையிலும் பெரிய பங்கு என்பது என் கருத்து.

அன்றைய பெரிய தலைவலி நாக்கிங். சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை எவ்வளவு இறுக்கி எரிக்கிறோமோ, அவ்வளவுக்கு அதே பெட்ரோலில் கூடுதல் வேலை வாங்கலாம். ஓர் அளவுக்கு மேல் இறுக்கினால், பிளக்கிலிருந்து பரவும் சுடர் எட்டுவதற்குள் கடைசியில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே பற்றி வெடிக்கும், என்ஜின் தட்டும், நீடித்தால் பிஸ்டன் போய்விடும். அமெரிக்காவில் இதற்கான பழி முதலில் சார்லஸ் கெட்டரிங் புகுத்திய பேட்டரி இக்னிஷன் மீது விழுந்தது. தன் பொருள் மீது விழுந்த பழியைத் துடைக்க வேண்டிய கட்டாயமும் இந்த ஆராய்ச்சி தொடங்க ஒரு காரணம் என்பது சற்று வேடிக்கைதான். 1916இல் ஒஹாயோவின் டேட்டன் நகரத்தில் அந்த வேலை தாமஸ் மிட்ஜ்லி என்ற இளம் பொறியாளரிடம் வந்து சேர்ந்தது. மண்ணெண்ணெய் பெட்ரோலைவிட மோசமாகத் தட்டுகிறது, சிவப்புச் சாயம் கலந்தால் அது வெப்பத்தை உறிஞ்சிச் சீக்கிரம் ஆவியாகுமோ என்று ஓர் ஊகம். எண்ணெயில் கரையும் சிவப்புச் சாயம் கைவசம் இல்லாததால் அயோடினைக் கலந்தார்கள். தட்டல் அடங்கியது. வேறொரு கூடமாக இருந்தால் அன்றே வெற்றியை அறிவித்திருப்பார்கள். இவர்கள் நிஜமான சிவப்புச் சாயங்களைத் தேடிப்பிடித்துக் கலந்தார்கள். ஒரு மாற்றமும் இல்லை. பிறகு நிறமே இல்லாத அயோடின் சேர்மத்தைக் கலந்தார்கள். தட்டல் மறுபடி அடங்கியது. நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வேதியியலுக்குத்தான் சம்பந்தம் என்று தெரிந்தது. ஊகம் தவறு, கேட்ட அடுத்த கேள்வி சரி. இதே மிட்ஜ்லி பின்னால் செய்த காரியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், கேள்வி கேட்கத் தெரியாதவர் அல்ல அவர் என்பது முக்கியம்.

அட்லாண்டிக்கின் மறுகரையில் ஹாரி ரிக்கார்டோ இதே சிக்கலை வேறு வழியில் அணுகினார். முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் டாங்கிகளுக்கு என்ஜின் வடிவமைத்தவர் அவர். இங்கிலாந்தின் தென்கரையில் ஷோரம் என்ற ஊரில் ஷெல் குழுமத்தின் ஆதரவோடு அவர் உருவாக்கிய ‘ஈ 35’ என்ற ஒற்றைச் சிலிண்டர் என்ஜின் எந்தக் காரிலும் பொருத்துவதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஓடிக்கொண்டிருக்கும்போதே சிலிண்டரை ஏற்றி இறக்கி, அமுக்க விகிதத்தை 3.7இலிருந்து 8 வரை மாற்றலாம். எந்தப் பெட்ரோல் எந்த அளவு அமுக்கத்தில் தட்டத் தொடங்குகிறது என்பதை மட்டும் அது சொல்லும். ஹென்றி டிஸார்ட், டேவிட் பை ஆகியோருடன் சேர்ந்து உலகின் பல எண்ணெய் வயல்களின் பெட்ரோலை அதில் ஓட்டிப் பார்த்ததில், வியாபாரிகள் அதுவரை தரத்துக்கு அடையாளமாகக் கருதிவந்த அடர்த்திக்கும் தட்டலுக்கும் நேரடித் தொடர்பில்லை என்பது தெரிந்தது. தொலுவீன் போன்ற அரோமாட்டிக் பொருள்கள் நிறைந்த போர்னியோ பெட்ரோல் தட்டாமல் நின்றது. எரியறையின் வடிவத்தை மாற்றிக் கலவையைச் சுழலவைத்தால் மலிவான பக்கவால்வு என்ஜின்கூட நன்றாக உழைக்கும் என்று அவர் காட்டியதும் இதே காலத்தில்தான். அந்த வடிவச் சிலிண்டர் ஹெட் கார்த் தொழிலில் பரவிவிட்டது. காசு கொடுக்காமல் பயன்படுத்தியதாகச் சிலர் மீது அவர் காப்புரிமை வழக்குப் போடவும் நேர்ந்தது. ஒரு சிலிண்டர், ஒரு கேள்வி, மற்ற எல்லாவற்றையும் மாறாமல் பிடித்துவைக்கும் ஒழுக்கம் என்பதே ரிக்கார்டோ விட்டுச்சென்ற முறை.

முறை கிடைத்துவிட்டால் போதுமா? அளவுகோல் பொதுவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கம்பெனியும் தனக்கொரு தராசு வைத்துக்கொண்டால் ஒருவர் சொல்வதை மற்றவர் சரிபார்க்க முடியாது. 1926இல் கிரஹாம் எட்கர் ஓர் எளிய ஏற்பாட்டை முன்வைத்தார். ஒருவகை ஐசோ-ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து, இவற்றின் எந்த விகிதக் கலவையைப் போல ஒரு பெட்ரோல் தட்டுகிறதோ அதையே அந்தப் பெட்ரோலின் எண்ணாகக் கொள்வது. சுத்தமான ஹெப்டேன் ஜெஃப்ரி பைன் என்ற மரத்தின் பிசினிலிருந்து கிடைத்தது. எண்ணெய்த் தொழிலும் கார்த் தொழிலும் அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பும் சேர்ந்த கூட்டுக் குழுவுக்காக வாகீஷா கம்பெனி ஒற்றைச் சிலிண்டர் சோதனை என்ஜின் ஒன்றைச் செய்து கொடுத்தது. அதன் வழித்தோன்றல்கள்தான் இன்றும் சுத்திகரிப்பு ஆலைகளில் தட்டிக்கொண்டிருக்கின்றன. தட்டலைக் காதால் கேட்டு மதிப்பிடாமல், சிலிண்டர் அழுத்தத்தில் ஓர் ஊசி துள்ளி மின்சுற்றை மூட, அந்த மின்சாரம் பிரிக்கும் வாயுவின் அளவைக் கண்ணாடிக் குழாயில் அளக்கும் கருவி ஒன்றும் இருந்தது. மிட்ஜ்லியும் தாமஸ் பாய்டும் செய்தது அது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் 1932. ஆய்வுக்கூடம் தரும் எண்ணும் சாலையில் வண்டி நடந்துகொள்ளும் விதமும் ஒத்துப்போகவில்லை என்ற முணுமுணுப்பு எழுந்தது. பென்சில்வேனியாவில் யூனியன்டவுன் அருகே ஒரு மலைச் சாலையில் பல கம்பெனிகளின் கார்களை ஏறவிட்டு, அதே பெட்ரோல்களைக் கூடத்திலும் ஓட்டி ஒப்பிட்டார்கள். தவறியது கூடம்தான். கார் ஓட்டுகிறவர்களுக்குக் காது சரியில்லை என்று சொல்லாமல் சோதனையை மாற்றினார்கள். நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓடிய என்ஜினை 900க்கு உயர்த்தி, உள்ளே போகும் கலவையைச் சூடாக்கிப் புதிய முறை ஒன்றை வகுத்தார்கள். இன்றைக்கும் ஆக்டேன் எண் இரண்டு வகையாகச் சொல்லப்படுவதன் வேர் அங்கே இருக்கிறது. தேர்வு எழுதுகிறவனைக் குறை சொல்லாமல் வினாத்தாளைத் திருத்திய அபூர்வமான சம்பவம் அது.

சிலிண்டர் தேய்மானமும் அப்படியொரு விஷயம். சில ஆயிரம் மைல்களிலேயே போர் தேய்ந்து, எண்ணெய் குடித்து, என்ஜின் புகைவது அந்நாளைய கார்க்காரர்களின் நிரந்தரப் புலம்பல். தூசு, மட்டமான எண்ணெய், மென்மையான வார்ப்பிரும்பு என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எல்லாமே உராய்வு சம்பந்தப்பட்டவை. ஆகவே கடினமான உலோகம் என்ற ஒரே திசையில் தேடல் போனது. பிரிட்டனின் ஆட்டோமொபைல் பொறியாளர் கழகத்தின் ஆராய்ச்சிக் குழுவில் சி. ஜி. வில்லியம்ஸ் 1930களில் உராய்வை விட்டுவிட்டுச் சிலிண்டர் சுவரின் வெப்பநிலையைக் கேள்வியாக்கினார். சுவர் குளிர்ந்திருக்கும்போது தேய்மானம் பன்மடங்கு எகிறியது. எரிந்த வாயுவில் உள்ள நீராவி குளிர்ந்த சுவரில் அமிலத்தோடு சேர்ந்து படிந்து இரும்பை அரிக்கிறது, பிஸ்டன் வளையம் அந்தத் துருவை வழித்தெடுக்கிறது. அதாவது, நெடுந்தூரம் விரட்டி ஓட்டப்படும் காரைவிட, காலையில் குளிரில் கிளப்பிப் பக்கத்துத் தெருவுக்குப் போய் நிறுத்தப்படும் காரின் என்ஜின்தான் சீக்கிரம் கெடுகிறது. தெர்மோஸ்டாட்டின் அருமையும் அரிப்பைத் தாங்கும் உலோகத்தின் அருமையும் அப்போதுதான் உறைத்தது. பந்தயம்தான் உண்மையான சோதனை என்று இன்றும் சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். புரூக்லண்ட்ஸ், இண்டியானபோலிஸ் பந்தயத் தடங்களில் எத்தனை ஆண்டுகள் ஓட்டியிருந்தாலும் இந்த உண்மை வெளிவந்திருக்காது. பந்தய என்ஜின் சூடேறி முழுவேகத்தில் சில மணி நேரம் ஓடுகிறது, உடனே பிரிக்கப்படுகிறது. பிஸ்டனுக்கும் வால்வுக்கும் சூப்பர்சார்ஜருக்கும் பந்தயம் கற்றுக்கொடுத்தது நிறையவே. கடைக்குப் போய்வரும் காரைப் பற்றி அது எதுவும் கேட்டதில்லை.

கேள்வியைத் தயாரிப்பவரே விடையையும் திருத்தினால் என்ன ஆகும் என்பதற்கு செவ்ரோலேயின் செம்புக் குளிர்விப்பு என்ஜின் உதாரணம். ரேடியேட்டரையும் தண்ணீரையும் ஒழித்துவிட்டு, சிலிண்டரைச் சுற்றிச் செம்புத் தகடுகளைப் பற்றவைத்துக் காற்றாலேயே குளிரவைப்பது கெட்டரிங்கின் கனவு. யோசனை பைத்தியக்காரத்தனமானதல்ல, ஃபிராங்க்ளின் கார்கள் அப்போதே காற்றில் குளிர்ந்து ஓடிக்கொண்டிருந்தன. அவர் தலைமையிலான ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக் கூடமே கார் தயார் என்றது. 1921 நவம்பரில் ஓக்லண்ட் பிரிவு தன் கையில் வாங்கிச் சோதித்தபோது கார் தேறவில்லை. பிரிவுக்காரர்களுக்குப் புதுமை பிடிக்கவில்லை என்று கூடமும், கூடத்துக்கு உற்பத்தி தெரியவில்லை என்று பிரிவுகளும் மாறிமாறிக் குறை சொல்லிக்கொண்டிருக்க, நிறுவனத்தின் தலைமையோ கண்டுபிடிப்பாளரின் பக்கம் சாய்ந்தது. 1923இன் தொடக்கத்தில் நியூயார்க் கண்காட்சியில் கார் காட்டப்பட்டது. பிறகு பொறியாளர்கள் பார்த்துச் சொன்னது இது: மிதமான வெயிலில் மிதமான வேகத்தில் ஓட்டினாலே என்ஜின் நேரத்துக்கு முன்பே பற்றிக்கொள்கிறது, குளிர்ந்திருக்கும்வரை இழுவை திருப்தி, சூடேறினால் போய்விடுகிறது. ஜெனரல் மோட்டார்ஸின் ஆல்ஃபிரட் ஸ்லோன் பின்னாளில் எழுதிய கணக்குப்படி உற்பத்தியான 759 கார்களில் 239ஐ ஆலையிலேயே உடைத்துப் போட்டார்கள். வாடிக்கையாளர் கைக்குப் போனவை சுமார் 100. 1923 ஜூனில் அவையும் திரும்பப் பெறப்பட்டன. 1924இல் மிச்சிகனின் மில்ஃபோர்டில் அந்நிறுவனம் பல வகைச் சாலைகளோடு தனிச் சோதனைக் களம் அமைத்தது. கார் தொழிலில் அப்படியொன்று அதுவே முதல் என்று கருதப்படுகிறது. வடிவமைப்பவர் ஒருவர், ஓட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர் வேறொருவர் என்ற பிரிவினை வேரூன்ற இது உதவியது.

இவ்வளவு தெரிந்த கெட்டரிங்கும் மிட்ஜ்லியும்தான் ஈயப் பெட்ரோலையும் கொண்டுவந்தார்கள். அயோடின் விலை அதிகம், உலோகத்தை அரித்தது, அனிலீனைப் பார்த்தார்கள், செலினியத்தையும் டெல்லூரியத்தையும் பார்த்தார்கள், நாற்றம் தாங்கவில்லை. 1921 டிசம்பர் 9 அன்று டெட்ராஎத்தில் ஈயம் கலந்த எரிபொருளில் என்ஜின் அமைதியானது. ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். 1923 பிப்ரவரியில் டேட்டனில் ‘எத்தில்’ என்ற பெயரில் விற்பனை தொடங்கியது. பெயரில் ஈயம் இல்லை. என்ஜின் அளவில் இதைப்போல முழுமையாகச் சோதிக்கப்பட்ட பொருள் அக்காலத்தில் குறைவு. எரிந்த ஈயம் பிளக்கிலும் எக்ஸாஸ்ட் வால்விலும் படிந்து அவற்றைக் கெடுப்பதைக் கண்டுபிடித்தார்கள். பலவற்றை முயன்று, புரோமின் சேர்மம் ஒன்றைச் சேர்த்தால் ஈயம் ஆவியாகக்கூடிய உப்பாக மாறிப் புகையோடு வெளியேறிவிடும் என்று கண்டார்கள். தேவையான புரோமினைக் கடல்நீரிலிருந்தே எடுக்கும் அளவுக்குப் போனார்கள். வால்வு பிழைத்தது. ஈயத்தை என்ஜினைவிட்டு வெளியேற்றுவது எப்படி என்பது கேள்வி. தெருவில் கொட்டுவது அதன் விடை. அந்த விடைக்கு முழு மதிப்பெண் கிடைத்தது.

ஈயம் உடலுக்குக் கேடு என்பது அப்போது தெரியாது என்று வாதிடுவார்கள். ஈய நஞ்சு அச்சுத் தொழிலாளர்களிடமும் வண்ணப்பூச்சுத் தொழிலாளர்களிடமும் நன்கு அறியப்பட்ட நோய். 1922 அக்டோபரிலேயே, விற்பனை தொடங்கும் முன்பே, அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் வேதியியலாளர் வில்லியம் மான்ஸ்ஃபீல்ட் கிளார்க், நெரிசலான தெருக்களில் ஈயத் தூசு தங்கிவிடும் என்று எழுத்தில் எச்சரித்தார். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் இந்தத் திரவத்தைத் தயாரித்த தொழிலாளர்கள் சித்தம் கலங்கி வீழ்ந்தார்கள். ஐந்து பேர் இறந்தார்கள், முப்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். யேலின் யாண்டெல் ஹெண்டர்சனும் ஹார்வர்டின் அலீஸ் ஹாமில்டனும் வெளிப்படையாக எதிர்த்தார்கள். இதையெல்லாம் யாருமே சோதிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும், சோதித்தார்கள். அரசின் சுரங்கத் துறை விலங்குகளைப் புகையில் வைத்துச் சில மாதங்கள் கவனித்தது. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஜெனரல் மோட்டார்ஸ். முடிவுகளை வெளியிடும் முன் அந்தப் பொருளை விற்ற எத்தில் கம்பெனியின் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னது. பேவே சாவுகளின் பரபரப்பு அடங்குவதற்குள், பொதுமக்களுக்கு ஆபத்தில்லை என்று அறிக்கை வந்தது. 1925 மே 20 அன்று வாஷிங்டனில் கூடிய மாநாட்டுக்குப் பின் அமைக்கப்பட்ட நிபுணர் குழு டேட்டனிலும் சின்சினாட்டியிலும் சுமார் 250 பேரைப் பரிசோதித்து, தடைசெய்யப் போதிய காரணமில்லை என்று 1926 ஜனவரியில் சொன்னது. நீண்டகாலப் பாதிப்பைத் தெரிந்துகொள்ள இது போதாது, ஆய்வு தொடர வேண்டும் என்றும் அதே குழு எழுதியது. தொடர்ந்த ஆய்வு பெரும்பாலும் தொழிலின் பணத்தில் ராபர்ட் கெஹோவின் கூடத்தில் நடந்தது. 1965இல் புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன் வெளியாளாக வந்து கேள்வியையே மாற்றிக் கேட்கும்வரை நாற்பது ஆண்டுகள் அதுதான் நிலைமை.

பொறியாளர்கள் வைத்தியர்கள் இல்லையே, என்ஜினைப் பற்றி மட்டும் கேட்டது அவர்கள் குற்றமா என்ற ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் யூனியன்டவுனில் நடந்ததை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தட்டல் எண் தவறினால் ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியோடு சண்டைக்கு வரும். போர் தேய்ந்தால் காரின் சொந்தக்காரர் பில்லைத் தூக்கிக்கொண்டு வருவார். அவர்களுக்காகச் சோதனை விரிந்தது. நடைபாதையில் மூச்சுவிடுகிறவருக்கு எந்தக் குழுவிலும் நாற்காலி இல்லை. அவர் நஷ்டம் எந்தப் பட்டறைக் கணக்கிலும் ஏறவில்லை. அடுத்ததாக, ஈயம் இல்லாவிட்டால் உயர் அமுக்க என்ஜினே வந்திருக்காது என்பார்கள். அது வேகமாக வந்ததற்கு ஈயம் உதவியது என்பதை மறுக்க முடியாது. ஆனால் பிரிட்டனில் நிலக்கரியிலிருந்து கிடைத்த பென்சால் கலந்த பெட்ரோல் விற்பனை நிலையங்களில் விற்றது. பிரான்ஸில் 1923ஆம் ஆண்டுச் சட்டம் பெட்ரோல் இறக்குமதியாளர்கள் தம் பெட்ரோலில் பத்து சதவீத அளவுக்கு ஆல்கஹால் வாங்க வேண்டும் என்றது. ஆல்கஹால் தட்டலை அடக்கும் என்பது மிட்ஜ்லியின் கூடத்துக்கே தெரியும். 1930களின் பிற்பகுதியில் யூஜின் ஹூட்ரியின் வினையூக்கி முறை ஆலையிலேயே உயர்ந்த ஆக்டேன் பெட்ரோலைத் தந்தது. வழிகள் இருந்தன, அவற்றில் ஈயம் மலிவு. இந்தியாவில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் 1995இல்தான் வந்தது, நாடு முழுவதும் 2000இல். உலகில் கடைசியாக அல்ஜீரியா நிறுத்தியது 2021இல்.

மிட்ஜ்லியின் கூடம் ஓரம்கட்டிய ஆல்கஹால் நூறாண்டு கழித்து 20 சதவீத எத்தனாலாக நம் பெட்ரோல் பங்க்குகளுக்கு வந்திருக்கிறது. அதைப் பற்றிய தகராறு இந்தப் பழைய கதையை நினைவூட்டாமல் இல்லை. எத்தனாலை ஈயத்தோடு ஒப்பிடுவது அநியாயம். அப்படி நான் ஒப்பிடவில்லை. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலில் உள்ளதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால் மைலேஜ் சற்றுக் குறையும் என்பது யாருக்கும் ரகசியமில்லை. இதற்கென வடிவமைக்கப்படாத கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று 2021இல் நிதி ஆயோக் அறிக்கையே சொன்னது. விவாதம் சூடாவது பழைய வண்டிகளின் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் பற்றி. இங்கும் “சோதித்தாகிவிட்டது” என்ற பதில் வருகிறது. அரசை நம்பாதவர்கள் வாட்ஸ்அப்பில் வரும் துருப்பிடித்த டேங்க் படத்தை நம்புகிறார்கள். அதுவும் ஒரு சோதனை முடிவாகவே சுற்றுகிறது. எல்லாக் கேள்விக்கும் விடை தெரியும்வரை காத்திருந்தால் எதுவும் சந்தைக்கு வராது என்பது உண்மையே. அவ்வளவு கேட்கவும் தேவையில்லை. சோதித்த வண்டிகளின் வயது என்ன, எத்தனை கிலோமீட்டர் ஓடின, மாதக்கணக்கில் நின்ற வண்டியின் டேங்கில் ஈரம் சேர்கிற நிலை சோதிக்கப்பட்டதா, பதினைந்து வருடத்து ஸ்கூட்டரின் கார்புரேட்டர் பட்டியலில் இருந்ததா, செலவு யாருடையது? இந்த ஐந்துக்கும் பதிலை மூல அளவுகளோடு சேர்த்து, ஒரு சாதாரண மெக்கானிக்கும் எடுத்துப் பார்க்கும்படி பொதுவில் வைப்பது சோதனைக்கு ஆகும் செலவில் ஒரு துளிகூட ஆகாது.